மிச்சம் பிடித்த வெளிச்சம்

டவுன் பஜாரில் கடைசி டியூப் லைட்டையும் கழற்றி இறக்கிய அன்று சாயங்காலம், விளக்குப் போடுகிற நேரத்தில், பாத்திரக் கடை கொம்பையாவின் உடம்பிலிருந்து வெளிச்சம் வர ஆரம்பித்தது. முதலில் பார்த்தவர் எதிர்த்த ஜவுளிக் கடை மைதீன்பிச்சை பாய். பார்த்தவர் கூச்சல் போடவில்லை, கடையை விட்டு இறங்கி ஓடிவரவும் இல்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த வெளிச்சம் தன் கடைக்குள்ளே எதுவரைக்கும் வந்து விழுகிறது என்று நிதானமாகப் பார்த்தார், வேட்டி அடுக்கு வரைக்கும் வருகிறது என்று தெரிந்ததும் எழுந்து போய் முன்பக்கத்துப் பல்பை அணைத்துவிட்டு வந்து பழையபடி உட்கார்ந்துகொண்டார். நம்ம திருநெல்வேலியில் ஒரு அதிசயம் நடந்தால் அதில் நமக்கு என்ன லாபம் என்று பார்த்துவிட்டுத்தான் ஆச்சரியப்படுவோம், பெரும்பாலும் அதற்குள் ஆச்சரியப்படுகிற நேரம் போய்விடும்.

கொம்பையாவுக்கே அது உடனே தெரியவில்லை. எவர்சில்வர் குடத்திலும் சொம்பிலும் போசியிலும் டிபன் கேரியரிலும் என்றைக்கும் இல்லாத பளபளப்பு இருந்ததைப் பார்த்து, புதுச் சரக்கு நல்ல சரக்குதான் என்று நினைத்தார். பிறகுதான் ஒவ்வொரு சொம்பிலும் ஒரு கொம்பையா வயிறு பருத்து, தலை சிறுத்து, பல்பு மாதிரி எரிந்துகொண்டிருந்ததைக் கவனித்தார். அந்த நேரத்தில் பயப்பட்டிருக்க வேண்டும், பெருமைதான் பட்டேன், அப்படிப்பட்ட ஆளு நான் என்று அவரே பிற்பாடு சொல்லுவார். தன்னைப் பற்றி ஒரு கதை சொன்னால் அதில் தன்னை ஒரு படி கீழே இறக்கி உட்காரவைத்துச் சொல்லுவதுதான் இப்போது அவருக்குப் பொழுதுபோக்கு, அந்தக் காலத்தில் அப்படி இல்லை.

அந்தக் காலத்தில் அவர் வர்த்தகர் சங்கத்தின் மின் சிக்கனக் குழுத் தலைவராக இருந்தார். தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிகளெல்லாம் ஆளுக்கொன்றாகப் போனபிறகு முகம் வாடிப்போயிருந்த அவருக்காகவென்றே உண்டாக்கிய குழு அது, அதற்கு அவரே தலைவர், உறுப்பினரும் அவரே. ஆனால் கொடுத்த பதவியை அவர் சும்மா வைத்திருக்கவில்லை. சவரக் கடைக்குள் நுழைந்து முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவரின் தலைக்கு மேல் ஓடின காற்றாடியை நிறுத்தினார், கலியாண வீட்டுப் பந்தியில் பாயசம் வருவதற்குள் பாதி விளக்கை அணைத்தார், துட்டி கேட்கப் போன வீட்டில் பட்டப்பகலில் வாசல் பல்பு எரிந்ததைப் பார்த்துவிட்டு, முதலில் அதை அணைத்துவிட்டு அப்புறம்தான் இறந்துபோனவர் யார் என்று கேட்டார். அவர் தெருவில் வந்தால் கடைக்காரர்கள் சுவிச்சுப் பலகைக்கு முன்னால் போய் நின்றுகொள்வது வழக்கமாகிவிட்டது.

அப்படிப்பட்டவர் ஒரு தீபாவளிக்கும் அடுத்த தீபாவளிக்கும் இடையில் பஜார் முழுவதையும் எல்.இ.டி.க்கு மாற்றிக் காட்டினார். ஒரு பலகையில் பழைய டியூப் லைட்டையும் புது எல்.இ.டி.யையும் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி, ஆளுக்கொரு மீட்டர் வைத்து, அதைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறினார். இதில் லட்டின் மஞ்சள் தெரியாது என்று மிட்டாய்க் கடைக்காரர் சொன்னார், இதில் பவுன் வெளிறித் தெரியும் என்று நகைக் கடைக்காரர் சொன்னார், சேலையின் நிறமே மாறிவிடும் என்று மைதீன்பிச்சை பாய் சொன்னார். கொம்பையா யாரிடமும் கோபப்படவில்லை, மீட்டர் சக்கரம் ஒன்று ஓடுவதையும் மற்றது நடப்பதையும் காட்டிக்கொண்டு, அவர்கள் சரி என்று சொல்லுகிற வரைக்கும் அங்கேயே நின்றார். கடைசியில் அவரை அனுப்பிவைப்பதற்காகவே பலபேர் மாற்றினார்கள். கரண்டு பில் குறைந்தது, எல்லாருக்கும் சந்தோஷம், ஆனால் மிச்சமான கரண்டெல்லாம் எங்கே போகும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

மாறாமல் கிடந்தது ஒரே ஒரு பல்புதான், அது கொம்பையாவின் வீட்டு அடுப்படியில் இருந்தது. வடிவம்மாளைக் கலியாணம் கட்டிக் கூட்டிவந்த வருஷமே அங்கே இருந்த பெரிய பல்பைக் கழற்றிவிட்டு அவர் மாட்டிவைத்த ஜீரோ வாட் பல்பு அது, புகையும் எண்ணெயும் ஏறி, எரிகிறதா இல்லையா என்று பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஜீரோவுக்குக் கீழே போக முடியாது என்பதால் அவருடைய சிக்கனக் கணக்கில் அது வரவே இல்லை. இருட்டாக இருக்கிறது என்று வடிவு சொன்ன போதெல்லாம் அவர் ஒரே பதில்தான் சொல்லுவார்: “ஒல கொதிக்கது காதுக்குத் தெரியாதாக்கும்?” அந்தப் பதிலில் அவருக்கு ரொம்பத் திருப்தி, சங்கக் கூட்டத்தில்கூட ஒருதடவை சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறார்.

இனி கும்பிடு கதைக்கு வருகிறேன், ஏனென்றால் கொம்பையா கெட்டுப்போனது அதில்தான். சாயங்காலம் முதல் விளக்கைப் போட்டதும் அதைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பது நம்மவர்களுக்குப் பழக்கம், அது குத்துவிளக்கா குண்டு பல்பா என்று கை பார்ப்பதில்லை, மனசும் பெரும்பாலும் வேறெங்கோதான் இருக்கும். கொம்பையாவின் வெளிச்சமும் சரியாக அந்த நேரத்துக்குத்தான் வரும், விடிந்தால் போய்விடும். அதனால் தினமும் பொழுது சாய்ந்து அவர் மெல்ல வெளுத்து வரும்போது, சில்லறை எண்ணிக்கொண்டிருந்தவர்களும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவர்களும் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தவர்களும் கையிலிருந்ததைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். பஜாரே தன்னைக் கும்பிடுகிறது என்று அவர் நினைத்தார். மறுநாளிலிருந்து சலவை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கொஞ்ச நாளில் வலது கையை லேசாக உயர்த்தி வைத்துக்கொள்ளவும் பழகிவிட்டார்.

பஜார் அவரைத் தனக்குள் எடுத்துக்கொண்டது, சும்மா கிடைத்ததை அது என்றைக்கும் விட்டதில்லை. நல்ல சேலை எடுக்க வருகிற பெண்கள் கடை விளக்கை நம்பமாட்டார்கள், சேலையை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்லுவார்கள், பொழுது சாய்ந்த பிறகு அந்த வசதி கிடையாது. கொம்பையாவின் வெளிச்சம் அசல் பகல் வெளிச்சம் மாதிரியே இருந்ததால், மைதீன்பிச்சை பாய் வருகிறவர்களையெல்லாம் சேலையும் கையுமாக எதிர்க்கடைக்கு அனுப்பினார், அவர்களும் மயில்கழுத்தா ராமர்பச்சையா என்று தெரிந்துகொள்ள அவரை இப்படித் திரும்பச் சொல்லுவார்கள், அப்படித் திரும்பச் சொல்லுவார்கள், சட்டை மறைக்கிறது என்று அதைக் கழற்றச் சொன்னவர்களும் உண்டு. மீட்டர் பார்க்க வருகிறவர் அவரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, இது வீட்டு இணைப்பில் சேருமா கடை இணைப்பில் சேருமா என்று கேட்டார், கடை சாத்துகிற வரைக்கும் கடையில் எரிகிறேன், அப்புறம் வீட்டில் எரிகிறேன் என்று கொம்பையா உண்மையைச் சொன்னதும் தலையைச் சொறிந்துகொண்டே அடுத்த கடைக்குப் போய்விட்டார். டாக்டரிடம் போனபோது, டாக்டர் அவரை நாற்காலிக்கு இடதுபக்கமாக நிறுத்திவைத்து, அடுத்து வந்தவரின் தொண்டைக்குள் பார்த்தார்.

முதல் மழைக்கு ஈசல் கிளம்பியது. டியூப் லைட்டுக்குப் பக்கத்தில் எண்ணெய் தடவின காகிதத்தைத் தொங்கவிட்டால் ஈசல் அதில் ஒட்டிக்கொள்ளும் அல்லவா, வடிவு அதையே அவருடைய சட்டைக் காலர் பொத்தானில் கட்டித் தொங்கவிட்டாள். ஈசலைத் தேடிப் பல்லி வந்தது, கொஞ்ச நாள் சுவரில் இருந்தது, அப்புறம் அவர் தோளிலேயே குடியேறிவிட்டது. பல்லி தோளில் இருந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தார்கள், விழுந்தால்தான் பலன் போட்டிருந்தது, குடியிருந்தால் ஒன்றும் போடவில்லை.

சங்கம் கூடித் தீர்மானம் போட்டது. பஜார் தெரு முக்கில் இருக்கிற பெரிய விளக்கை அணைத்துவிடுவது, அந்த இடத்தில் ஒரு நாற்காலி போட்டு, பொழுது சாய்ந்ததிலிருந்து கடை சாத்துகிற வரைக்கும் கொம்பையா அண்ணாச்சி அதில் உட்காருவது, டீ சங்கச் செலவு, மழை பெய்தால் குடையும் சங்கச் செலவு. மின் சிக்கனக் குழுவும் கூடி அதை ஒருமனதாக ஆமோதித்தது, அதாவது கொம்பையா தலையை ஆட்டினார். நாற்காலியில் உட்கார்ந்தபோது அவருக்குச் சிம்மாசனம் கிடைத்த மாதிரிதான் இருந்தது. உட்கார்ந்து பார்த்தால், முதல் கும்பிடு முடிந்த பிறகு எல்லாரும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார்கள், விளக்கைப் பார்த்துக்கொண்டு யார் நிற்பார்கள், அந்த வெளிச்சத்தில் அவரவர் வேலையைத்தானே பார்ப்பார்கள். அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார் கொம்பையா. நேருக்கு நேர் பார்க்கத் தைரியம் இல்லை, பாவம், என்று அவர்கள்மேல் இரக்கப்பட்டார்.

இதிலெல்லாம் சேராமல் ஒரு ஆள் இருந்தாள், அது வடிவு. அவளுக்கு உறக்கம் இல்லாமல் போயிற்று. கண்ணை மூடினால் இமைக்குள் சிவப்பாக எரிந்தது. கம்பளியைப் போர்த்திவிட்டாள், இழைக்கு இழை ஒளி கசிந்தது. சாக்கைப் போட்டாள், சாக்கு ஓட்டைகள் வழியாகச் சுவரெல்லாம் புள்ளி புள்ளியாக விழுந்து அவர் மூச்சு விடும்போதெல்லாம் நகர்ந்தது. அடுத்த அறையில் போய்ப் படுத்தாள், கதவுக்கடியில் வந்தது. பகலெல்லாம் கண் எரிச்சலோடு அவள் நடமாடியதைப் பஜாரே பார்த்தது, ஒளியிலேயே இருந்த கொம்பையாவின் கண்ணுக்கு மட்டும் அது படவில்லை. கடைசியில் ஒருநாள், கொஞ்ச நாளைக்குச் சரக்கு அறையில் போய்ப் படுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள். அவருக்குச் சுருக்கென்றது.

“ஊரே கும்பிடுது,” என்றார். “நீ என்னைய குடோனுக்குப் போகச் சொல்லுத.”

“ஊர் கும்பிட்டா எனக்கு உறக்கம் வந்திருமா?” என்றாள் வடிவு. சண்டை போடுகிற குரலில் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

மறுநாள் காலையில் அவள் ஒரு பையில் நாலு சேலையை எடுத்துவைத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் இருந்த தம்பி நயினார் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். மகள் கலியாணமாகிக் கோயம்புத்தூருக்குப் போனபிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான், அதில் ஒரு ஆளும் போனபிறகு அத்தனை வெளிச்சத்தையும் வைத்துக்கொண்டு கொம்பையா தனியாக உட்கார்ந்திருந்தார். ஓட்டலில் வாங்கிச் சாப்பிட்டார், தன் வெளிச்சத்தில் தன் இலையைத் தானே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்தார், வரவில்லை. ஒரு வாரம் கழித்து அவரே ஒரு மத்தியானம் வீறாப்பை ஓரமாக வைத்துவிட்டுப் போய்க் கூப்பிட்டபோது, அவள் காபி கொடுத்தாள், முகம் தெளிந்து நல்லபடியாக இருந்தாள், உறங்கியிருந்தாள் என்று தெரிந்தது.

“அணைக்கத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க, வாரேன்,” என்றாள். “ஊர் முழுக்க அணைச்சவியதான நீங்க.”

கண்ணில் பட்ட சுவிச்சையெல்லாம் அணைத்தே காலம் தள்ளின மனுஷன், தன் சுவிச்சு எங்கே இருக்கிறது என்று தெரியாமல், வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தார், தொப்புளை அமுக்கிப் பார்த்தார், தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். பல்லி நனைந்ததுதான் மிச்சம். நாற்காலிக்குப் போகவில்லை என்றால் அணைந்துவிடுமோ என்று ஒருநாள் பஜாருக்குப் போகாமல் இருந்து பார்த்தார், உடம்புக்கு என்ன என்று விசாரிக்க வந்தவர்கள் அவர் நன்றாக எரிவதைப் பார்த்துவிட்டு, கையோடு கூட்டிக்கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். வடிவு இனி வரவேமாட்டாளோ என்ற பயம் அப்போதுதான் அவருக்கு வந்தது, வந்த பயம் போகவில்லை. கும்பிட்ட கைகளைப் பார்த்தால் முன்னைப்போலச் சந்தோஷம் வரவில்லை, இத்தனை பேரில் ஒருத்தராவது சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லையே என்றுதான் தோன்றியது.

ஐப்பசியில் ஒருநாள் நாற்காலியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, விளக்குப் போடுகிற நேரத்தில் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினார். பஸ்ஸில் ஏறினதும் டிரைவர் உள்விளக்கை அணைத்துக்கொண்டார். நயினார் வீட்டு வாசலில் அவர் கால் வைத்ததும் காற்றும் மழையுமாக அடித்து, தெரு முழுக்கக் கரண்டு போய்விட்டது. உள்ளே இருந்து “அத்தான் வந்துட்டாவ” என்று நயினார் சந்தோஷமாகச் சொன்னது கேட்டது, வாசலில் நனைந்தவரை உட்காரச் சொல்லுவதற்குள் அவன் பெண்சாதி அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள்: “அண்ணாச்சி, அப்படியே கொஞ்சம் இங்கன வந்து நில்லுங்களேன். மைனி தாளிக்காவ, ஒண்ணும் தெரியல.”

அப்படித்தான் கொம்பையா, தன் ஆயுளில் முதல்தடவையாக, வடிவு சமைக்கிற நேரத்தில் அடுப்படியில் நின்றார். அவரைப் பார்த்து, வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் அசையாமல் நின்றார், அசைந்தால் நிழல் ஆடும் என்று இத்தனை நாளில் தெரிந்துவைத்திருந்தார். நிற்கிறவருக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பார்த்தார். வடிவின் இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறித்த தழும்புகள், பழையதன்மேல் புதியது, புதியதன்மேல் இன்னும் புதியது. வலது கட்டைவிரலுக்குக் கீழே ஒரு நீளத் தழும்பு, அது கத்தியாக இருக்க வேண்டும். இந்தக் கையால்தான் தினமும் அவருக்குச் சோறு போட்டாள், அவர் சோற்றை மட்டும்தான் பார்த்திருந்தார்.

அதைவிட வேறொன்று அவரை அடித்தது. இவ்வளவு வெளிச்சம் இருந்தும் வடிவு எதையும் பார்க்கவில்லை. சட்டிக்குள் ஒருதடவைகூட எட்டிப் பார்க்காமல், தலையை லேசாகச் சாய்த்து, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு காதைக் கொடுத்தாள், கடுகு வெடித்து அடங்குவதைக் கேட்டபிறகு உளுந்தைப் போட்டாள், உளுந்து சிவந்ததை மோந்து தெரிந்துகொண்டு கருவேப்பிலையைப் போட்டாள், உப்பு ஜாடியைக் கை தானாகப் போய்த் தொட்டது, உலை மூடி தடதடத்தபோது சத்தத்தை வைத்தே அரிசி எந்தப் பதத்தில் இருக்கிறது என்று தெரிந்து தீயைக் குறைத்தாள். நயினார் பெண்சாதி கொத்துமல்லியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஆய்ந்துகொண்டிருந்தாள், வடிவுக்கு அந்த வெளிச்சத்தால் ஒரு உபயோகமும் இல்லை. ஒல கொதிக்கது காதுக்குத் தெரியாதாக்கும் என்று தான் சொல்லிக் கைதட்டு வாங்கினது அப்போது அவர் நினைவுக்கு வந்தது. நான் சொன்னதை அவள் அப்படியே செய்திருக்கிறாள், பேச்சுக்குச் சொன்னதை உடம்பில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. அழுதால் வெளிச்சம் நடுங்கும் என்று அடக்கிக்கொண்டார்.

கரண்டு வந்தது. வந்துட்டு, வந்துட்டு என்று தெருவே சொன்னது, அடுப்படிப் பல்பு எரிந்ததும் நயினார் பெண்சாதி கொத்துமல்லியோடு அதைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள், முன்னறையில் நயினார் அங்கிருந்த பல்பைப் பார்த்துக் கும்பிட்டான், ஈரக்கையோடு வடிவும் கும்பிட்டாள், கொம்பையாவின் கையும் பழக்கத்தில் தானாகக் குவிந்தது. குவிந்த கையைப் பிரிக்காமல் அவர் அந்தப் பல்பையே பார்த்தார், தூசி படிந்த சாதாரணப் பல்பு, அதற்கும் அதே கும்பிடு, ஒரு அரைக்கால் கும்பிடுகூடக் குறைவில்லை. இத்தனை நாள் வலது கையை உயர்த்திவைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை நினைத்தார், விபூதியை நினைத்தார், பாவம் என்று ஜனங்கள்மேல் இரக்கப்பட்டதை நினைத்தார். சிரிப்பு வந்துவிட்டது. என்ன சிரிக்கிறீர்கள் என்று நயினார் பெண்சாதி கேட்டாள், ஒன்றுமில்லை, ஒரு முட்டாளைப் பற்றி நினைத்தேன் என்று சொன்னார்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போன இடத்தில் வடிவிடம் மெல்லச் சொன்னார்: “நான் குடோன்லயே படுத்துக்கிடுதேன். நீ வந்தாலும் சரி, வராட்டாலும் சரி, அடுப்படிக்கு ஒரு பல்பு போடப்போறேன்.”

வடிவு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்க போட்டா ஜீரோ வாட்டுதான் போடுவீய,” என்றாள். “நானே வந்து வாங்குதேன்.”

மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்தே பஜாருக்கு வந்தார்கள். எலெக்ட்ரிக் கடையில் கொம்பையா பழக்கதோஷத்தில், இருப்பதிலேயே சின்னதாக ஒன்று எடுங்கள் என்று வாயெடுத்துவிட்டு அப்படியே மூடிக்கொண்டார். வடிவு ஒவ்வொன்றாக மாட்டச் சொல்லி, எரியவிட்டுப் பார்த்து, கண் கூசாமல் நன்றாகத் தெரிகிறதென்று ஒரு ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பைத் தேர்ந்தெடுத்தாள். ஜீரோ இருந்த இடத்தில் ஒன்பதா என்று கொம்பையாவின் உள்ளுக்குள் இருந்த சிக்கனக் குழுத் தலைவர் ஒருதடவை முனகினார், அவரை அதட்டி உட்காரவைத்துவிட்டு இவர் பல்பைப் பையில் வாங்கிக்கொண்டார்.

பொழுது சாய்கிற நேரம், வடிவு உலை வைத்துவிட்டாள். கொம்பையா ஸ்டூலைப் போட்டு ஏறினார், ஏறும்போதே மெல்ல வெளுக்க ஆரம்பித்திருந்தார். பழைய ஜீரோ வாட் பல்பைக் கழற்றிக் கையில் எடுத்து, மேலே படிந்திருந்த புகையையும் பிசுக்கையும் வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்த இடத்தில், பல்பின் தலையில், ஏதோ பொடி எழுத்து இருந்தது. தன் நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, தன் வெளிச்சத்திலேயே அதைப் படித்தார். பதினைந்து வாட் என்று இருந்தது.

அவர் இன்னொருதடவை துடைத்துவிட்டுப் படித்தார், அப்போதும் பதினைந்துதான். ஜீரோ என்பது கடைக்காரர்கள் வைத்த பெயர், பல்பு தன்னைப் பற்றி ஆரம்பத்திலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, அதைப் படிக்கிற அளவுக்கு அந்த அடுப்படியில் என்றைக்கும் வெளிச்சம் இருந்ததில்லை. பஜாரெல்லாம் மீட்டரைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கின மகாராஜன் தன் வீட்டு அடுப்படியில் ஒன்பதுக்குப் பதிலாகப் பதினைந்தைச் செலவழித்து, அந்தச் செலவில் பெண்டாட்டிக்கு இருட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஸ்டூல் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார், சிரிப்பு நடுவில் வேறு மாதிரி ஆகிவிட்டது, வடிவு பதறிப்போய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். அவர் பல்பை அவளிடம் கொடுத்து எழுத்தைக் காட்டினார்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுட்டி,” என்றார். “ஒரு மண்ணும் தெரியாது எனக்கு.”

வடிவு அதைப் படித்தாள். பிறகு அந்தப் பல்பைக் குப்பையில் போடாமல், ஒரு துணியில் சுற்றிப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள், எப்போதாவது இவர் ஆட ஆரம்பித்தால் எடுத்துக் காட்ட வசதியாக இருக்கும் என்று.

கொம்பையா எப்போது அணைந்தார் என்று சரியாகச் சொல்ல முடியாது. புதுப் பல்பை மாட்டிச் சுவிச்சைப் போட்டபோது அடுப்படி பளீரென்று ஆகிவிட்டது, பக்கத்தில் அவ்வளவு வெளிச்சம் இருக்கும்போது ஒரு மனுஷன் எரிகிறானா இல்லையா என்று யார் பார்க்கிறார்கள், பல்லி சட்டையிலிருந்து இறங்கிச் சுவர்வழியாகப் புதுப் பல்புக்குப் போய்விட்டதைப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. மறுநாள் அவர் நாற்காலிக்கு வராததைப் பார்த்துப் பஜாரில் பெரிய வருத்தம் ஏற்பட்டது, முக்கு விளக்கை மறுபடியும் போட வேண்டியதாயிற்று, மைதீன்பிச்சை பாய் முன்பக்கத்துப் பல்பைப் போட்டுக்கொண்டே, அண்ணாச்சியால் இந்த மாதம் பில் ஏறப்போகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். பியூஸ் போயிருக்கும், ஆளைக் கூட்டிவந்து பாருங்கள் என்று அக்கறையாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். குழுத் தலைவர் பதவியைக் கொம்பையா விடவில்லை, இப்போதும் கடை கடையாக ஏறுகிறார், ஆனால் முதலில் அடுப்படி எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்.

அதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு அந்தப் பல்பு எரிந்தபோது வடிவு ஈரக்கையைத் துடைத்துவிட்டு அதைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். அடுப்புப் பக்கம் திரும்பினாள், தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தாள், கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள், அப்புறம் முகத்தைச் சுளித்தாள்.

“செத்த நேரம் அத அணைங்களேன்,” என்றாள். “இங்கன இருட்டுலயே பழகிட்டு, இந்த வெளிச்சத்துல ஒல சத்தம் கேக்க மாட்டேங்கு.”

கொம்பையா சுவிச்சுக்குப் பக்கத்தில்தான் நின்றார். ஊரில் எத்தனையோ சுவிச்சைக் கேட்காமலே அணைத்த கை அது, இப்போது கேட்டும் எழும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, சுவிச்சு புதுசு, இறுகிக் கிடக்கிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பொய் சொன்னார்.

வடிவு அவரையும் சுவிச்சையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு, வேறு வழியில்லாமல், மூடியை எடுத்துவிட்டுப் பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.